எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும்

கரூரில் நான் வளர்ந்த தெருவில் யாராவது "ஐ.பி. குடுத்துட்டாப்ல" என்று சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிடும். இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு, என்பதன் சுருக்கம் அது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை டி.பி. மாதிரி ஏதோ ஒரு நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், பெரியவர்கள் பேசிய விதமும் அப்படித்தான் இருந்தது. மஞ்சக் கடுதாசி என்றும் சொல்வார்கள். போர்வையும் துண்டும் நெய்து கப்பலேற்றுகிற ஊர், பஸ் பாடி கட்டுகிற ஊர், இரண்டு தொழிலுக்கும் வட்டிக்குப் பணம் விடுகிற ஊர். வருஷத்துக்கு ஓரிருவராவது கொடுத்துவிடுவார்கள். கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரத்துக்கு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அப்புறம் அந்த வீடே கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும்.

2024 ஏப்ரலில் நானும் என் வீட்டுக்காரரும் அதைக் கொடுத்தோம். கரூரில் இல்லை, அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தின் மேற்கே, டாட்ஜ் சிட்டியையும் தாண்டிப் போகிற சாலையில் உள்ள ஒரு சின்ன ஊரில். திண்ணையில் யாரும் உட்காரவில்லை. வக்கீலை நான் நேரில் பார்த்ததே இல்லை, இன்று வரைக்கும். விசாரித்த டிரஸ்டியையும், அதாவது திவாலானவர் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுகிற பொறுப்பாளரையும், பார்த்ததில்லை. எல்லாம் திரையில் நடந்து திரையிலேயே முடிந்தது. முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு விஷயம் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடன் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் புதுமை ஒன்றும் கிடையாது. நான் இங்குள்ள மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவர் 2019 செப்டம்பரில் நெடுஞ்சாலையோரம் லாரிக்காரர்களை நம்பி ஒரு சாப்பாட்டுக் கடை எடுத்தார். ஆறு மாதத்தில் கொரோனா. கடையை விடவும் மனமில்லை, நடத்தவும் பணமில்லை, நடுவில் கிரெடிட் கார்டுகள். 2021 நவம்பர் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் மருத்துவமனை மாதிரி இடங்களில் அதிகபட்சம் 25 படுக்கைதான், இதயத்துக்கு அடைப்பு நீக்குகிற வசதி எல்லாம் இருக்காது, ஹெலிகாப்டரில் ஏற்றி விச்சிட்டா நகரத்துக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தார். ஹெலிகாப்டர்காரர்கள் எங்கள் காப்பீட்டில் சேராதவர்கள். காப்பீடு கொடுத்தது போக 31,000 டாலர் எங்கள் தலையில். இப்படி மிச்சத்தை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று சட்டம் 2020 டிசம்பரிலேயே நிறைவேறிவிட்டது, ஆனால் அமலுக்கு வந்தது 2022 ஜனவரி 1 அன்று. ஐந்தே வாரம். நெஞ்சுவலி கொஞ்சம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நாள் அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் இரண்டு வக்கீல்

திவால் மனு என்று முடிவு செய்த பிறகு முதல் சிக்கலே வக்கீல்தான். எங்கள் மாவட்டத் தலைநகரில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மாவட்ட அரசு வழக்கறிஞர். இன்னொருவர் ரொம்ப நல்ல மனிதர், என் மகளோடு அவர் பேத்தி படிக்கிறாள், ஆனால் அவர்தான் மருத்துவமனைக்கும் வக்கீல். மருத்துவமனைக்கு நாங்கள் 6,000 டாலர் பாக்கி வைத்திருந்தோம், நான் சம்பளம் வாங்குவதும் அங்கேதான். அவரிடம் எப்படிப் போய் உட்காருவது? அவரே முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். கான்சஸில் 105 மாவட்டங்கள். வக்கீல்களில் பெரும்பாலோர் கிழக்கே நாலைந்து நகரங்களைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். மேற்கே வர வர கோதுமையும் மாட்டுப் பட்டிகளும் தானியக் கிடங்குகளும்தான். திவால் நீதிமன்றமோ மாநில நீதிமன்றம் கிடையாது, மத்திய அரசுடையது, எங்களுக்கு அருகில் என்றால் விச்சிட்டா. மூன்று மணி நேரக் காரோட்டம்.

ஆக, விச்சிட்டாவிலிருந்து காணொளியில் பேசுகிற ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். கட்டணம் 1,600 டாலர், அதுவும் மனு போடுவதற்கு முன்பே முழுதாக. ஏன் முன்பே என்று கேட்டேன். "பின்னால் தருகிறேன் என்றால் நானும் உங்கள் கடன் பட்டியலில் ஒருத்தி ஆகிவிடுவேன், அதுவும் சேர்ந்து தள்ளுபடி ஆகிவிடும்" என்றார். நியாயம்தான். நீதிமன்றக் கட்டணம் 338 டாலர் தனி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டால் ஒரே கட்டணம், அந்த மட்டில் லாபம். திவாலாவதற்கு நாங்கள் ஏழு மாதம் பணம் சேர்த்தோம். இப்போது எழுதும்போதுதான் அந்த வாக்கியம் எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று தெரிகிறது.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே, இணையம் வந்து வந்து போகும். அதனால் வக்கீலோடு பேசுவதெல்லாம் ஊர் நூலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்தபடி, நூலகத்து வைஃபையில். தெற்கிலிருந்து காற்றடித்தால் மாட்டுப் பட்டி வாசம் ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். கையெழுத்துப் பக்கங்களை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, அசலைத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார். வீட்டில் பிரிண்டர் இல்லை. நூலகத்தில் ஒரு பக்கத்துக்கு 10 சென்ட். நூலகத்து அம்மாவுக்கு எங்களைப் பத்து வருஷமாகத் தெரியும், என் மகள் கதைப் புத்தகம் படிக்கக் கற்றுக்கொண்டதே அவர் மேசைக்கு முன்னால்தான். பிரிண்டரிலிருந்து வந்த தாள்களை அவர் படிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, முதுகுப் பக்கத்தைப் பார்த்தே எண்ணி, "பதினாலு" என்றார். அந்தக் கவிழ்த்தலிலேயே அவருக்கு என்னவென்று தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

கிரைண்டர் 40 டாலர்

நாங்கள் போட்டது சாப்டர் 7, அதாவது சட்டம் விட்டுவைக்கிற விலக்கு போக மிச்சச் சொத்தை விற்றுக் கொடுத்துவிட்டு மீதிக் கடனைத் தள்ளுபடி செய்கிற திவால் வகை. அதற்குப் படிவங்கள் எக்கச்சக்கம். சொத்துக்கு ஒன்று, விலக்குக்கு ஒன்று, கடனுக்கு இரண்டு, வரவுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று. இது போக, மனு போடுமுன் இணையத்திலேயே ஒரு கடன் ஆலோசனை வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், போட்ட பிறகு இன்னொரு வகுப்பு. வெளியே சாப்பிடுவதைக் குறையுங்கள் என்று அதில் ஒரு அறிவுரை வந்தது. நாங்கள் திவாலானதே மற்றவர்கள் வெளியே சாப்பிடுவதைக் குறைத்ததால்தான்.

சொத்துப் படிவத்தில் வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் எழுத வேண்டும். நாற்காலி, துணிமணி, புத்தகம், நாய், பூனை, குதிரை. திரையில் வக்கீல் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வெட் கிரைண்டர் என்றதும் நிறுத்தினார். "கல்லா? சமையலறையிலா? எத்தனை கிலோ?" விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "40 டாலர் போடுகிறேன்" என்றார். கான்சஸின் விலக்குச் சட்டம் படிக்கச் சுவாரசியமானது, புல்வெளிக்கு வண்டி கட்டி வந்தவர்கள் காலத்து நினைப்பு அதில் இன்னும் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு வேண்டிய உணவும் எரிபொருளும் துணியும் கடன் கொடுத்தவன் தொடக் கூடாது. குடியிருக்கும் வீட்டுக்கு விலை உச்சவரம்பே கிடையாது, ஊருக்குள் என்றால் ஒரு ஏக்கர், பண்ணை என்றால் 160 ஏக்கர். வண்டிக்கு 20,000 டாலர் வரை. கல்லறை இடத்துக்குக்கூட விலக்கு உண்டு, எரிக்கிற சாதி நாங்கள், அது எங்களுக்குப் பயனில்லை. உடம்பில் போடும் நகைக்கு மட்டும் 1,000 டாலர்.

ஆயிரம் டாலருக்கு என் தாலிக்கொடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஏழு பவுன். வக்கீல் அதை எடை போட்டு மதிப்பு வாங்கி வரச் சொன்னார், பழைய தங்கமாக விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலை. டாட்ஜ் சிட்டியில் ஒரு அடகுக் கடைக்குப் போனோம். எங்கள் பக்கம் மாற்றுக்கயிறு இல்லாமல் கொடியைக் கழற்ற மாட்டார்கள். நான் வீட்டிலேயே வெள்ளை நூலில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசி, உலர்த்தி, ஒரு மஞ்சள் துண்டையும் முடிந்து எடுத்து வந்திருந்தேன். கார் நிறுத்துமிடத்தில், முன் இருக்கையில் நான் குனிந்து உட்கார, அவர் கட்டினார். ஸ்டியரிங் இடித்தது. மாடு ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றது, நூல் இன்னும் சரியாக உலராததால் அவர் விரலெல்லாம் மஞ்சள். மூன்றாவது முடிச்சு போட்டதும் கொடியைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டேன். கடைக்காரருக்கு 14 காரட், 10 காரட்தான் பழக்கம். 916 என்ற முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நம்பாமல் கல்லில் உரசி அமிலம் விட்டுப் பார்த்தார். தராசில் 56.2 கிராம். 3,400 டாலர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "இதை விற்கப் போவதில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் அதைச் சொல்கிற இடத்தில் நான் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

விடுதலைப் பத்திரம்

இனிதான் விஷயம். மூன்றாவது காணொளிப் பேச்சில், பிப்ரவரி மாதம், வெளியே பனி, வக்கீல் பட்டியலை முடிக்கிற தொனியில் கேட்டார்: "இது தவிர உங்கள் இருவருக்கும் வேறு ஏதாவது? உலகத்தில் எங்கே இருந்தாலும் சரி, யார் கையில் இருந்தாலும் சரி." சட்டத்தின் வார்த்தைகளே அவைதான் என்று பின்னால் தெரிந்தது. நான் "இல்லை" என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. கேள்வியில் இருந்தது சொத்து. கரூரில் இருப்பது வீடு.

அவர் விடவில்லை. அப்பா இருக்கிறாரா என்றார். 2017இல் தவறிவிட்டார் என்றேன். உயில் எழுதியிருந்தாரா? இல்லை. வீடு யார் பெயரில்? பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். "எனக்கு இந்தியச் சட்டம் தெரியாது. உயில் இல்லாவிட்டால் மகளுக்குப் பங்கு உண்டா?" சரியாக அந்த நேரத்தில் இணையம் நின்றுபோனது. அவர் முகம் கேள்வி கேட்ட வாயோடு அப்படியே உறைந்தது. மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் என் முகம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நாற்பது நொடி இருக்கும். அந்த நாற்பது நொடியும் நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன சொல்லப் போகிறாள் இவள் என்று. பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சரிசமம். இணையம் திரும்பி வந்ததும் "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அன்றிரவு அண்ணனைக் கூப்பிட்டேன். அவனுக்கு அப்போது காலை, ஆபீஸ் கிளம்புகிற நேரம். மேல்மாடி கட்டியது அவன் பணத்தில். அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். ஐந்து வருஷமாக என்னிடம் விடுதலைப் பத்திரம், அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம், கேட்டுக்கொண்டிருக்கிறான், நானும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏதோ காரணத்தில் தள்ளிப்போனது. கடன், மனு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாப்பா, நீ எழுதாட்டி அமெரிக்காக்காரனுக்கு எப்புடித் தெரியும்? பட்டா அப்பா பேர்ல. உன் பேரே எங்கயும் இல்லியே" என்றான். சரி, அது வேண்டாம் என்றால் இப்போதே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் மனு போடேன் என்றான். அதில் அவனுக்கும் லாபம், எனக்கும் சுத்தம். எனக்கும் அது சரி என்றே பட்டது. மறுநாள் வக்கீலிடம் கேட்டேன். மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்தில் யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று படிவத்திலேயே கேள்வி இருக்கிறது, கடனில் மூழ்கியபடி சும்மா எழுதிக் கொடுத்தால் டிரஸ்டி அதைத் திருப்பிப் பிடுங்கலாம் என்றார். கடைசிப் பக்கத்தைத் திரையில் காட்டினார்: பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 20 வருஷம் வரை சிறை. "பயமுறுத்தவில்லை. கையெழுத்து உங்களுடையது என்பதற்காகக் காட்டுகிறேன்" என்றார்.

பயந்துதான் எழுதினேனா? இதுதான் அடங்க மாட்டேன் என்கிறது. சின்ன வயதில், நான் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, எதிர்வீட்டுப் போர்வைக் கம்பெனிக்காரர் ஐ.பி. கொடுத்தார். அதற்கு முதல் நாள் இரவு அந்த வீட்டு அக்கா பின்வாசல் வழியாக வந்து, துண்டில் முடிந்த ஒரு மூட்டையை அம்மா கையில் கொடுத்தார். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அம்மா அதை அரிசி டிரம்மின் அடியில் வைத்து மேலே அரிசியைக் கொட்டினாள். ஒன்பது மாதம் அந்த டிரம்மிலிருந்துதான் எங்களுக்குச் சோறு, முழுதாகக் காலியாக விடாமல் அம்மா மேலே மேலே நிரப்பிக்கொண்டே இருந்தாள். பிரச்சினை அடங்கியதும் மூட்டையை அப்படியே திருப்பிக் கொடுத்தாள், முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. அம்மா வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாலு விஷயங்களில் அது ஒன்று. நானும் பெருமையாகத்தான் கேட்டு வளர்ந்தேன். இங்கே படிவத்தில் அதற்கென்றே தனிக் கேள்வி: "வேறொருவருக்குச் சொந்தமான எதையாவது நீங்கள் வைத்திருக்கிறீர்களா?" அம்மா செய்தது இந்த ஊரில் குற்றம். அந்த ஊரிலும் குற்றம்தான், அங்கே தனி ஆட்களுக்கு இன்னும் 1920ஆம் வருஷத்துச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது, அதிலும் மறைத்தால் தண்டனை உண்டு. ஆனால் எங்கள் தெருவில் அது விசுவாசம். அந்த அக்காவின் நகை போயிருந்தால் பணம் போட்ட நெசவாளிகளுக்குக் கூலி கிடைத்திருக்குமா என்று அந்தத் தெருவில் யாரும் கேட்டதாக நினைவில்லை. எனக்கே அந்தக் கேள்வி வந்தது இந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான். தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். நம் பேச்சில் இரக்கம் எப்போதும் வாங்கியவன் பக்கம்தான் சாயும், ஏனென்றால் அவன்தான் எதிர்வீடு.

மூன்றில் ஒரு பங்கை எழுதினேன். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் வழிகாட்டி மதிப்பும் எடுத்தேன், கான்சஸில் பனியில் காருக்குள் உட்கார்ந்து. வக்கீலுக்காக ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் மாற்றும்போது, "வடக்கு எல்லை: பொதுச்சந்து" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தச் சந்தில்தான் சைக்கிள் பழகினேன். அப்போது ஒன்று புரிந்தது. எதிரில் உட்கார்ந்த ஒரு கரூர் வக்கீலிடம், அப்பாவைத் தெரிந்த ஒருவரிடம், இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அவரும் எழுத விட்டிருக்க மாட்டார், "அதெல்லாம் எதுக்கும்மா" என்றிருப்பார். திரையில் இருந்தவருக்கு அந்தச் சந்து தெரியாது, அம்மாவைத் தெரியாது, அதனால்தான் என்னால் உண்மை பேச முடிந்தது. அப்படியானால் இது நேர்மையா, இல்லை தூரம் கொடுத்த வசதியா? ஏனென்றால் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முன்பின் பார்க்காத ஒருவரிடம் அம்மா உட்கார்ந்திருக்கும் வீட்டின் விலையைச் சொன்னேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆறு நிமிஷம்

மனு ஏப்ரலில் ஒரு மாலை 4.52க்குப் பதிவானது. வழக்கு எண் குறுஞ்செய்தியில் வந்தது. பதிவான நொடியிலிருந்து கடன் கொடுத்தவர்கள் கூப்பிடக் கூடாது என்று சட்டம். முதல் இரண்டு நாள் பழக்கத்தில் கூப்பிட்டார்கள், எண்ணைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள். நாலாம் நாள் போன் அடிக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று அவர் என் போனிலிருந்து தன் போனுக்கு அடித்துப் பார்த்தார்.

மே மாதம் கடன் கொடுத்தவர்கள் கூட்டம். பெயர்தான் அப்படி, அவர்கள் யாரும் வருவதில்லை. முன்பெல்லாம் நேரில் போக வேண்டும், கொரோனாவில் தொலைபேசிக்கு மாறி, இப்போது ஜூம். நூலகத்தின் சின்ன அறையை அந்த அம்மா எங்களுக்காகத் திறந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். எங்களுக்கு முன் ஏழெட்டு வழக்கு, எல்லார் கதையும் எல்லாருக்கும் கேட்டது. ஒருவர் ஓட்டுகிற லாரியிலிருந்து பேச, டிரஸ்டி முதலில் ஓரங்கட்டச் சொன்னார். எங்கள் முறை வந்தது, அடையாள அட்டையைக் காட்டி, வலது கையைத் தூக்கி உறுதிமொழி. படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டீர்களா, எல்லாச் சொத்தும் எழுதியிருக்கிறீர்களா, எல்லாக் கடனும் எழுதியிருக்கிறீர்களா. பிறகு நிமிர்ந்து, "இந்தியாவில் உள்ள வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்றார். அம்மா, அண்ணன் குடும்பம். "உங்கள் பங்கை மட்டும் விற்க முடியுமா?" சட்டப்படி முடியும், ஆனால் வெளியாள் யாரும் வாங்க மாட்டான் என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். "இங்கே பண்ணை நிலங்களும் அப்படித்தான். ஆறு அண்ணன் தம்பி, ஆறில் ஒரு பங்கு, யாரும் தொட மாட்டார்கள்." ஆறு நிமிஷம். நான் மூன்று மாதம் தூங்காமல் சுமந்தது.

ஜூலை கடைசியில் கடன் விடுவிப்பு உத்தரவு வந்தது. ஹெலிகாப்டர், கார்டுகள், மருத்துவமனை எல்லாம் போயிற்று. கொடியை நாங்களே வைத்துக்கொள்ள, விலக்குக்கு மேற்பட்ட மதிப்புக்காக டிரஸ்டியிடம் 2,400 டாலரைப் பத்துத் தவணையில் கட்டினோம். கடன் வரலாற்றில் பத்து வருஷம் இது இருக்கும். அதனாலென்ன, உத்தரவு வந்த மாதமே இரண்டு கம்பெனிகள் புதுக் கார்டுக்கு அழைப்பு அனுப்பின. எட்டு வருஷத்துக்கு எங்களால் இன்னொரு சாப்டர் 7 விடுவிப்பு வாங்க முடியாதே, அவர்களுக்குத் தெரியும்.

கரூர்ப் பங்கு மட்டும் இழுத்தது. கடைசியில் 2025இல் வழக்கை மூடும்போது, அதை விற்கிற செலவு வருகிற பணத்தைவிட அதிகம் என்று டிரஸ்டி கைவிட்டார். சட்டத்தின் சொல்லே கைவிடுதல்தான். கைவிட்டால் அது மறுபடி மனுதாரருக்கு. அண்ணனிடம் சொன்னேன். "சரி பாப்பா, முடிஞ்சுதல்ல" என்றான். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் விடுதலைப் பத்திர நகல் வந்தது, கீழே ஒரு கும்பிடு. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. "யாருடைய தூண்டுதலும் இன்றி, முழுமனதுடன்" என்று நாலாவது வரியில் இருக்கிறது. அம்மாவும் அதில் ஒரு பாத்தியதைக்காரி, ஆகவே அம்மாவுக்கு யாராவது ஒரு நாள் எல்லாவற்றையும் விளக்க வேண்டும், அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை அதை அச்செடுக்க நூலகத்துக்குப் போனேன். அந்த அம்மா பழக்கத்தில் முதல் தாளைக் கவிழ்க்கப் போனவர், எழுத்தைப் பார்த்து நிறுத்தினார். கவிழ்க்காமல் மேசைமேல் வைத்து, விரலால் ஒரு வரியைத் தொட்டு, "அழகாக இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது?" என்றார்.

"எங்கள் வீட்டு விலாசம்" என்றேன். நாலு பக்கம், 40 சென்ட்.